ஆகஸ்ட் ஐந்து, பகல் பன்னிரண்டு மணி

தூத்துக்குடியில் "எனக்குத் தெரியாது" என்று கடைசியாக ஒருவர் வாய்விட்டுப் பொய் சொன்னது 2049-ஆம் வருஷம். சொன்னவர் ஒரு சாலைத்துறை அதிகாரி. சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் காதுக்குப் பின்னால் இருந்த மணி சிவந்துவிட்டது. எதிரே இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் பழைய துறைமுகத்துக் கொக்குகளெல்லாம் இலங்கைக்குப் பறந்து போய்விட்டன. இன்னும் திரும்பவில்லை என்று கேள்வி.

மணி என்றால் பாசிமணி அளவுதான். பெரியவர்களுக்குச் சட்டம் வந்ததுமே, பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும்போதே பதிவகத்துக்காரர்கள் வந்து, காதுக்குப் பின்னால் எலும்போடு எலும்பாகப் பொருத்திவிட்டுப் போவார்கள். மூளைக்கு ஒரு சங்கதி புரிகிறபோது அது ஒரு துள்ளு துள்ளுமாம். மணி அந்தத் துள்ளலைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சங்கதிக்குப் பதிவகத்தில் ஓர் எண் கொடுத்துவிட்டால் போதும், இன்னாருக்கு இது தெரியுமா என்ற கட்டத்தில் "ஆம்" என்று விழுந்துவிடும். அப்புறமும் தெரியாது என்று சொன்னால் மணி சிவக்கும். பாலம் ஆடுவது தெரியுமா? ஆம். மருந்தில் மாவு கலந்தது தெரியுமா? ஆம். முதல் வருஷம் மாநிலத்தின் பாதி அதிகாரிகள் மருத்துவ விடுப்பில் போனார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று தெரிந்திருந்த குற்றத்துக்காக மீதிப் பாதி மாட்டிக்கொண்டது. வீட்டு விவகாரங்களுக்கும் எண் வாங்கலாம் என்று சட்டம் கொஞ்சம் இளகியபோது, பதிவக வாசலில் கிளம்பிய மனைவிமார் வரிசை புதுக்கிராமத்தைத் தாண்டி, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, உப்பளம் வரைக்கும் போய் நின்றது.

தெரிந்தும் சொல்லாதவருக்குச் சிறை கிடையாது. மணி ஒலிக்கும், அவ்வளவுதான். எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடிக்கும் "கிணுங்." ஆயுள் முழுக்க. சத்தம் கேட்டதும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகும், கோயிலில் பெஞ்சு காலியாகும், கல்யாணப் பந்தியில் இலையே காலியாகும். தயவுசெய்து ஜெயிலில் போடுங்கள் என்று காலில் விழுந்தவர்கள் உண்டு.

தூத்துக்குடியில் அப்படி ஒலித்துக்கொண்டு நடந்தவள் ஒருத்திதான். பெயர் சவேரியாள்.

பதிவகத்தின் தலைமைப் பொறியாளர் பெர்க்மான்ஸுக்கு அவள் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வருவாள் என்பது மனப்பாடம். அவள் வடக்கே வந்தால் இவர் தெற்கே போவார். சந்தைக்கு வந்தால் இவர் கடற்கரைக்கு. இப்படிப் பதினொரு வருஷமாக அவர் சுற்றிய சுற்றை நேராக நடந்திருந்தால், ரோமாபுரிக்கே கால்நடையாகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, வரும் வழியில் நாலு நாள் தங்கி ஊர் பார்த்துவிட்டும் வந்திருக்கலாம்.

2071 ஏப்ரல் முப்பது. அவர் ஓய்வு பெறும் நாள். மனைவி ஜெசிந்தா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சாயங்காலம் சால்வை போடுவாவளாம். மொகத்த ஏன் காய்ஞ்ச நெத்திலி மாரி வச்சிருக்கீய?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா ரெண்டு நாளா சோறு எறங்கல? எங்கிட்ட சொன்னா கொறஞ்சா போவீய?"

சொன்னால் அந்த நொடியே அவள் மணியிலும் தெரிந்துகொண்ட நேரம் பதிந்துவிடும். அப்புறம் அவளும் தெரிந்தவள். அவளும் ஓடிப்போய்ப் பதிவகத்தில் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவளும் கிணுங். பெண்டாட்டியிடம் மனசைக் கொட்டுவது என்று ஆதாம் காலத்திலிருந்து மனுஷனுக்கு இருந்த ஒரே வசதியை, இந்த மனுஷன் தன் கையாலேயே ஒரு மென்பொருள் எழுதி அடைத்துவிட்டார்.

"பல்வலி," என்றார்.

"பல்லுக்கு எண் வாங்கிருவமா? எந்தப் பல்லுன்னு உண்மை வெளிய வந்துரும்லா," என்று சொல்லிவிட்டு அவள் சட்டையை நீட்டினாள்.

விவகாரம் தொடங்கியது பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால்.

"ஆம், இல்லை" என்ற கட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தது பெர்க்மான்ஸின் கூட்டாளி கஸ்பார். கஸ்பாருக்குக் குரல் கப்பல் ஊதல் மாதிரி. அவர் ரகசியம் பேசினால் திருச்செந்தூரில் கேட்கும்.

"சொவரு இடிஞ்சா மறுநாள் அம்புட்டுப் பயலுக்கும் தெரியும்வே! எல்லாருக்கும் 'ஆம்'. முந்தியே தெரிஞ்சு வாயப் பொத்துனவன் எவன், மறுநாள் டீக்கடையில கேட்டுத் தெரிஞ்சவன் எவன்? எப்படிப் பிரிப்பீரு?"

"அதுக்குத்தான் ஆம்-இல்லையத் தூக்கிட்டு அங்க நேரத்தப் போடுதோம்," என்றார் பெர்க்மான்ஸ். "கட்டம் காலியா இருந்தா, அவனுக்குத் தெரியாது. நேரம் இருந்தா, தெரியும். எப்பம் தெரிஞ்சுதுங்கதும் தெரியும். ஒரே கட்டம், ரெண்டு சேதி."

அலுவலகத்தில் கட்டங்களின் வரிசைக்கு இங்கிலீஷில் 'காலம்' என்று பெயர். கஸ்பார் தொடையைத் தட்டினார். "காலத்துக்குள்ள காலத்தைப் போடுதோம்னு சொல்லும்!"

யோசனை தங்கமான யோசனைதான். புது மணிகளுக்குள் கடிகாரம் இருந்தது. அவற்றிலிருந்து நேரத்தை எடுத்துப் போட்டாயிற்று. ஆனால் கூலிவேலைக்காரர்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் கொடுத்த பழைய மணிகளில் கடிகாரம் கிடையாது. வெறும் "ஆம்" மட்டும். அப்படி நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

"காலியா விட்டுருவமா?" என்றார் கஸ்பார்.

"விட்டா, தெரிஞ்சவனெல்லாம் தெரியாதவன் ஆயிருவான்."

"இன்னைக்குத் தேதிய அடிச்சுருவோம்."

"நாலாயிரம் பேருக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு ஆவும்."

"நேரம் தெரியலன்னு பக்கத்துல இன்னொரு கட்டம் போடும்."

"டைரக்டர்ட்ட கேட்டுட்டேன். ஒரே கட்டம்தான்னுட்டாரு. ரெண்டாவது கட்டம்னு சொன்னாலே அந்த மனுசனுக்குப் பிரஷர் ஏறுது."

அப்போதுதான் பெர்க்மான்ஸுக்கு அந்த அற்புதமான யோசனை வந்தது. பார்த்தவுடனே இது பொம்மைத் தேதி என்று எவனுக்கும் விளங்குகிற ஒரு தேதி வேண்டும். வேறு என்ன? ஆகஸ்ட் ஐந்து. பனிமய மாதா திருநாள். தூத்துக்குடியில் அன்றைக்கு அலுவலகம் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. ஊரில் பாதி கோயில் வாசலிலும் மீதிப் பாதி பொரிகடலைக் கடை வாசலிலும் நிற்கும். அன்றைக்கு, அதுவும் உச்சிவெயிலில், பன்னிரண்டு மணி பூஜ்யம் நிமிஷம் பூஜ்யம் நொடிக்கு, எவனுக்காவது ஏதாவது தெரிய வரும் என்று இந்த ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

கஸ்பார் சிரித்ததில் மேஜையில் இருந்த கண்ணாடி டம்ளர் இரண்டாகப் பிளந்தது. "அன்னைக்கு நம்ம ஊர்ல எவனுக்குவே என்ன தெரியும்? பெத்த பிள்ளையைக் கூட்டத்துல தொலச்சது தெரியாம வீட்டுக்குப் போவான்! போடும், அதையே போடும். பாக்குறவன் ஒடனே சிரிச்சுருவான்."

போட்டார். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, ஒரே விசைத் தட்டலில்.

அந்தப் பதிவேட்டை ஒருநாள் மாதா கோயிலைப் பார்த்தே இராத ஆட்களும் படிப்பார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் தோன்றவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால், ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி, கடல்நீரைக் குடிநீராக்கும் முத்துமுனை நிலையத்தில் கழிவு உப்புநீரைத் தேக்கி வைத்திருந்த பெருஞ்சுவர் இடிந்து, பக்கத்து உப்பளத்தில் வேலையிலிருந்த பதினொரு பேரை அடித்துக்கொண்டு போயிருந்தது. சுவரில் விரிசல் இருந்தது யாருக்குத் தெரியும் என்ற விசாரணை அப்போதுதான் சென்னையில் ஆரம்பமாகியிருந்தது. நிலையத்தில் நாற்பத்து மூன்று ஊழியர்கள். நாற்பத்திரண்டு பேருக்குப் புது மணி. பழைய மணி ஒரே ஒருத்திக்கு, பம்ப் ஓட்டுகிற சவேரியாளுக்கு.

தீர்ப்பு வந்தது ஒன்றரை வருஷம் கழித்து. 2060 மார்ச் மூன்று, புதன்கிழமை. பெர்க்மான்ஸ் அப்போது சலூன் நாற்காலியில், முகத்தில் ஒரு பக்கம் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் திரை செய்தி வாசித்தது.

நாற்பத்திரண்டு ஊழியர்களுக்கு விரிசல் தெரிய வந்தது சுவர் இடிந்த பிறகே. சவேரியாள் ஒருவருக்கு மட்டும், இடிவதற்குப் பதினான்கு நாள் முன்பாக, ஆகஸ்ட் ஐந்து பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கே தெரிந்திருக்கிறது. அந்த நேரத்தில் தாம் மாதா கோயிலில் இருந்ததாக அவர் கூறுகிறார். ஆகவே கோயிலில் வைத்தே தெரிந்துகொண்டார் என்பதை அவரே ஒப்புக்கொண்டதாக இம்மன்றம் கருதுகிறது.

பெர்க்மான்ஸ் காத்திருந்தார். சலூனில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் உள்ளூர்க்காரர்கள், மாதா தேர் வடம் பிடித்த கைகள். இப்போது எவனாவது சிரிப்பான். "ஆகஸ்ட் அஞ்சாவது, பன்னெண்டு மணியாவது, யாருக்குடே காது குத்துதிய?" என்று ஒருத்தனாவது கேட்பான்.

"பாத்தியளா," என்றார் சவரக்கத்தியைப் பிடித்திருந்தவர். "மாதாவுக்கு முன்னால நின்னுக்கிட்டே மறச்சிருக்கா."

"மணி பொய் சொல்லாதுல்லா," என்றது பெஞ்சு.

பெர்க்மான்ஸின் மூளை அப்போது துள்ளிய துள்ளலில் நாற்காலியே ஓர் அங்குலம் எழும்பியிருக்கும். மணி நாலு பதினேழு. பாதி மீசையை எடுத்திருந்த நிலையில் எழுந்து, கழுத்துத் துண்டோடு வீட்டுக்கு நடந்து போனார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். மறுநாள், "நேற்றே ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார்களே என்று பயமாக இருந்தது. அதற்கு மறுநாள் இரண்டு நாளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் ஆம்-இல்லை இருந்த காலமாக இருந்தால் என்றைக்கு வேண்டுமானாலும் போய், "இப்போதுதான் கவனித்தேன்" என்று சொல்லியிருக்கலாம். இப்போது எண் கொடுத்த மறுநொடி அவர் மணியிலிருந்து நாலு பதினேழு வெளியே வந்து உட்கார்ந்துகொள்ளும். உலகத்திலேயே தான் கட்டின எலிப்பொறிக்குள் தானே வாலை விட்ட எலி அவர்தான். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று, மாதம் வருஷமாயிற்று. பெருவிரல் அளவு இருந்த பொய், சொல்லப்படாமலே வளர்ந்து வளர்ந்து கலங்கரை விளக்கம் அளவுக்கு வந்து, ராத்திரி பகல் எந்நேரமும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

ஓய்வு நாள் மத்தியானம் இரண்டரை மணி. சென்னைத் தலைமையகத்திலிருந்து வந்திருந்த தணிக்கை அதிகாரி நப்பின்னை அவர் எதிரே உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூர்ப் பெண்மணி, பத்தாயிரம் வரிகளைக் காபி ஆறுவதற்குள் படித்துவிடுவார் என்று துறையில் பேச்சு. மூன்று மணிக்குப் பழைய பதிவுகளுக்கு முத்திரை வைக்கிறார்கள். பெர்க்மான்ஸ் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டால் பழைய நேரங்கள் எல்லாம் கல்லாகிவிடும். அதற்கப்புறம் கடவுளே மனு எழுதிக்கொண்டு வந்து வரிசையில் நின்றாலும் ஒரு நொடி மாறாது.

"எல்லாம் சுத்தமா இருக்குதுங்க சார். ஒரே ஒரு சந்தேகம் மட்டுந்தானுங்க."

"கேளுங்கம்மா."

"2058 ஆகஸ்ட் அஞ்சு, மத்தியானம் பன்னண்டு மணி. அந்த ஒரே நொடியில நாலாயிரத்து முந்நூத்திப் பன்னண்டு பேருக்கு ஆளுக்கொரு சங்கதி தெரிஞ்சிருக்குதுங்க. நாய் லைசென்ஸ்ல இருந்து சாக்கடை அடைப்பு வரைக்கும். அன்னிக்கு இந்த ஊர்ல என்னங்க சார் நடந்துச்சு?"

பதின்மூன்று வருஷமாக எவரும் கேட்காத கேள்வி.

"அன்னைக்கு... மாதா கோயில் திருநாளும்மா."

"ஓ! கூட்டமுங்களா?"

"லட்சக்கணக்குல."

"அப்படிச் சொல்லுங்க சார்!" நப்பின்னையின் முகம் மலர்ந்தது. "கூட்டத்துல ஒருத்தர் சொல்லி ஒருத்தர் கேட்டு, எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எங்கூர்ல கோனியம்மன் தேரன்னிக்கும் அப்படித்தானுங்க. ஊர்க்கதை பூராம் அங்கதான் அவுந்து விழுகும்." 'திருவிழாக் கூட்டம். விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்.

பெர்க்மான்ஸ் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார், பொய்யை அந்த அம்மாளே செய்துகொண்டார். எவ்வளவு சௌகரியம்! பேனாவை எடுத்தார். "பெ" என்று எழுதினார்.

"இதுல ஒரு அம்மா மட்டும் விடாக்கண்டிங்க சார்," நப்பின்னை திரையை நகர்த்திக்கொண்டே பேச்சுக்குச் சொன்னார். "சவேரியாள். பதினோரு வருசத்துல இருபத்தொம்பது மனு. எல்லாத்துலயும் ஒரே வரிதானுங்க. 'அன்று எனக்கு எதுவும் தெரியாது, நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.' அத்தனையும் உங்க மேஜைக்குத்தான் வந்திருக்குது. அத்தனையிலயும் நீங்களே உங்க கையால 'பதிவு சரியாக உள்ளது'ன்னு எழுதியிருக்கீங்க. வேற ஆளா இருந்தா நாலாவது மனுவுலயே ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு வச்சிருப்பாங்க. உங்க பொறுமை யாருக்கு வருமுங்க?"

இருபத்தொன்பது. அவர் இருபத்தெட்டு என்றல்லவா எண்ணி வைத்திருந்தார். ஒன்றில் எழுதியதே மறந்துபோயிருக்கிறது.

பெர்க்மான்ஸ் பேனாவை வைத்துவிட்டார்.

"அம்மா, அந்தத் தேதிய நான்தான் போட்டேன்."

"எதைங்க சார்?"

"ஆகஸ்ட் அஞ்சை. யாருக்கும் எதுவும் தெரியல அன்னைக்கு. பழைய மணியில நேரம் இல்ல. ஏதோ ஒண்ணு போடணும்னு போட்டேன். எங்க ஊருக்காரன் பாத்தா சிரிப்பான்னு நெனச்சேன்."

நப்பின்னை முதலில் சிரிக்கத்தான் செய்தார். ஓய்வு பெறுகிறவர் விளையாடுகிறார் என்று. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "மறுபடி சொல்லுங்க சார்," என்றார். மறுபடி சொன்னார். காபியின் மேல் ஆடை படிந்தது. கடைசியில், "இதுக்கு எண் போட்டே ஆகணுங்க," என்றார், ஏதோ மரணச் செய்தி சொல்வதுபோல.

எண் விழுந்தது. பெர்க்மான்ஸ் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்து, அறைக்குள் நாலடி நடந்தார். முதல் கிணுங் இப்போது வரும். வரட்டும். பதினொரு வருஷம் அவள் சுமந்ததை இவர் மீதி ஆயுள் சுமப்பார். ஜெசிந்தாவிடம் என்ன சொல்வது? அதையும் இனிமேல் சொல்லலாமே!

ஒன்றும் வரவில்லை. இன்னும் நாலடி. காற்றாடிச் சத்தம்தான்.

"ஏம்மா ஒலிக்கல?"

"ஏனுங்க சார் ஒலிக்கணும்?"

"எனக்குப் பதினோரு வருசமாத் தெரியும்லா!"

"அது உங்க மணியில இருக்குதுங்க. ஆனா சட்டம் ரெண்டே கேள்விதானுங்களே கேக்குது? தெரிஞ்சுதா, சொன்னாரா?" திரையை அவர் பக்கம் திருப்பினார். "சொல்லிட்டீங்க. பாருங்க. 'சொன்னாரா: ஆம்.' சொன்னவங்களுக்கு ஒலிக்காதுங்க."

"எப்பம் சொன்னேன்னு?"

"அந்தக் கட்டத்துல நேரத்துக்கு எடமில்லீங்க சார். ஆமா, இல்லை, அவ்வளவுதான். யாரோ அதை மட்டும் மாத்தாம விட்டுட்டாங்க போல."

யாரோ. பெர்க்மான்ஸுக்கு அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. "சொன்னாரா கட்டத்தையும் மாத்திருவமாவே?" என்று கஸ்பார் கேட்டதும், "சொன்னவன் சொல்லிட்டான், எப்பம் சொன்னா என்ன? பசிக்கு, எந்திரியும்," என்று இவர் பதில் சொன்னதும், இரண்டு பேரும் போய் ஆளுக்கு நாலு பரோட்டா சாப்பிட்டதும்.

சவேரியாளின் கட்டத்திலிருந்து ஆகஸ்ட் ஐந்து எடுக்கப்பட்டது. கட்டம் காலி. காலி என்றால் தெரியாது. நப்பின்னை அதைச் செய்து முடிக்க மூன்று நொடி ஆயிற்று.

நாலு மணிக்குச் சால்வை போட்டார்கள். சால்வையாவது சால்வை! அதை விரித்தால் துறைமுகத்துக்கே கூரை போடலாம். இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசினார். ஓய்வு பெறும் நாளிலும் தம் பிழையைத் தாமே முன்வந்து சொன்ன உத்தமர், உண்மையின் ஊற்று, பதிவகத்தின் மனசாட்சி. ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். முதல் வரிசையில் ஜெசிந்தா மக்ரூனைக் கடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கீழே இறங்கி வந்தவரின் காதருகே, "இதுக்கா பல்வலி? சொன்னா நான் என்ன கடிச்சா திம்பேன்?" என்றாள். பெருமையில் அவள் குரல் தழுதழுத்தது. எப்போது தெரியும் என்று அவள் கேட்கவில்லை. தெரிந்திருந்த நப்பின்னை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இயக்குநர் கேட்கவில்லை. பெர்க்மான்ஸ் சால்வைக்குள் வேர்த்து வழிந்தார்.

ஐந்து மணிக்கு அவர் வாசல் படியில் ஜெசிந்தாவோடு நின்று ஒவ்வொருவராக வழியனுப்பிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"அண்ணாச்சி."

திரும்பினார். சவேரியாள். அவள் வருவது பதினொரு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தெரியவில்லை. ஐம்பது வயதிருக்கும், கையில் பாதி நிறைந்த காய்கறிப் பை, ஓடி வந்த மூச்சு.

"சந்தையில நிக்கேன் அண்ணாச்சி. சத்தம் நின்னுட்டு. மணி கழண்டு விழுந்துட்டோன்னு தடவிப் பாத்தேன், இருக்கு. நாலு எட்டு குதிச்சுப் பாத்தேன். அந்தக் கத்திரிக்காக்காரன், 'என்ன மதினி, ஆட்டம் போடுதிய'ங்கான். மதினிங்கான் அண்ணாச்சி! காய எடுத்து எங் கையில தாரான். இம்புட்டு வருசமா தரையில வச்சிட்டுத் தள்ளி நிப்பான்." அவள் சிரித்தாள். சிரிப்பு எப்படி முடிப்பதென்று தெரியாமல் நீண்டுகொண்டே போயிற்று. "பதிவகத்துல போய்க் கேளுங்கன்னாவ. உள்ள கேட்டேன். நீங்கதான் சொன்னியளாம். மகராசனா இருக்கணும்னு சொல்லத்தான் ஓடியாந்தேன்."

அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள். கை முழுக்க உப்பு அரித்த வடு. படியில் நின்றவர்கள் மறுபடி கைதட்டினார்கள். ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினாள்.

"ஆமா," என்றாள் சவேரியாள், சாதாரணமாக, ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கேட்கிற மாதிரி. "ஒங்களுக்கு இது எப்பம் தெரிஞ்சுது அண்ணாச்சி?"

"இன்னைக்கு" என்று சொல்லலாம். எந்தப் படிவத்திலும் இதற்கு இடமில்லை. அவர் காதுக்குப் பின்னால் இருப்பதை இனி எவரும் எடுத்துப் பார்க்கப் போவதில்லை. ஒரே ஒரு சொல். அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவாள். ஜெசிந்தா சால்வையை மடித்து பீரோவில் வைப்பாள்.

"2060, மார்ச் மூணு," என்றார் பெர்க்மான்ஸ். "சாயங்காலம் நாலு பதினேழு."

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

சவேரியாளின் உதடுகள் அசைந்தன. மாதங்களை எண்ணுகிறாள் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. ஒருமுறை எண்ணி, நம்பாமல், கட்டைவிரலை விரல்கணுக்களில் வைத்து மறுபடி எண்ணினாள்.

"அப்பம் எங்கம்மை இருந்தாளே," என்றாள்.

அவர் கையை அவள் விட்டுவிட்டது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"செத்த பதினோரு பேர்ல எந்தம்பியும் ஒருத்தன். 'தெரிஞ்சிருந்தும் சொல்லாம அவனைக் கொன்னுட்டியேட்டி'ன்னு கேட்டா. ஒரே தடவதான் கேட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட அவ பேசல. நான் வச்ச கஞ்சியத் தொடல. அக்டோபர்ல போனா. ஏழு மாசம் இருந்திருக்கு, அண்ணாச்சி."



சவேரியாள் கீழே வைத்த பையை எடுத்து, சரிந்திருந்த கத்திரிக்காய்களை உள்ளே தள்ளினாள். இரண்டு படி இறங்கினாள். அவர் அசையாமல் நிற்பதைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க."

"எங்க?"

"கல்லறைக்கு. அவகிட்ட வந்து சொல்லுங்க. மன்னிப்பெல்லாம் கேக்காண்டாம். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க. ஒங்களுக்கு எப்பம் தெரியும்னு சொல்லுங்க. இப்பம் சொன்னியள்லா, அதே மாரி, நாளும் நேரமுமா."

அவர் ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. சால்வையை மட்டும் அவர் தோளிலிருந்து உருவி எடுத்துக்கொண்டாள். பெர்க்மான்ஸ் படியிறங்கினார். வெயில் இன்னும் தாழவில்லை. சவேரியாள் பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல்.

"எட்டி நடங்க அண்ணாச்சி," என்றாள். "ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிருவாவ."